இருபது நட்டும் காத்தா கரண்டா அண்ணாவும்

ஜவ்வாது மலையில் இருபது நட்டுகளைக் கழற்றுவதற்காக ஒன்றரை வருடம் யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார். உலகத்தில் அவரைவிட அதிகமாக யோசித்தவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்கள் எல்லாம் கடவுள் இருக்கிறாரா, இல்லையா என்பது போன்ற சுலபமான விஷயங்களை யோசித்தவர்கள்.

ஜமுனாமரத்தூரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக என்னை மாற்றியிருந்தார்கள். வாடகைக்குப் பிடித்த வீட்டு வாசலில் பாத்திரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து காக்கி அரைக்கால் சட்டையும் முண்டா பனியனும் போட்ட ஒருவர் வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஊர், பேர் கேட்கவில்லை.

"சார், நீங்க காத்தா, கரண்டா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மின்விசிறி வசதியைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "கரண்டு இருந்தா ஃபேன் போட்டுக்குவேன். இல்லன்னா காத்துதான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அதான் சார்! நானும் அதையேதான் சொல்றேன். ரெண்டுலயும் ஒரு நாயம் கீது பாருங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பை இல்லாத காரணத்தால் இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து, என் பதிலை இரண்டு பக்கத்திலும் எழுதிக்கொண்டு போய்விட்டார். தலையில் பெட்டி அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலமே ஊர் எனக்கு அவர் பெயரைச் சொல்லிவிட்டது. காத்தா கரண்டா. வேறு பெயர் இருந்திருக்கும். ரேஷன் அட்டையில் அது பத்திரமாக இருக்கட்டும்.

விஷயம் இதுதான். அவர் முப்பது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு அதை உள்ளே நிறுத்தினார். பிரேக் வேலை பார்க்க வேண்டும். அதற்கு நாலு சக்கரத்தையும் கழற்ற வேண்டும். சக்கரத்துக்கு ஐந்தாக இருபது நட்டு. மழையில் நின்ற வண்டி என்பதால் அத்தனையும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்ததில் அண்ணாவின் தோள்பட்டை தேய்ந்து போயிருந்தது. ஸ்பானரைப் போட்டுத் திருகவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஆக, நட்டு கழற்றும் மிஷின் ஒன்று வாங்க வேண்டும். அதில் இரண்டு வகை இருந்தது. கம்ப்ரஸரில் காற்றை அடைத்து, அந்த வேகத்தில் சுற்றுவது ஒன்று. நேராகக் கரண்டில் சுற்றுவது இன்னொன்று.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் குடியேறியிருந்தார்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா அரை மணியில முடிச்சிடுவாரே அண்ணா?" என்று கேட்டேன்.

"அது மட்டும் ஆவாது சார். அந்த வண்டி பிரேக்குல வெளியாளு கை படக்கூடாது."

"ஏன்?"

"சரசு உக்கார்ற வண்டி சார் அது."

சரசு என்பது அண்ணி. முழங்கால் சரியில்லாதவர். பஸ் படி ஏற முடியாது. மலையை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆடி வெள்ளிக்கு அவரை முன் சீட்டில் உட்கார வைத்துப் படவேடு அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அண்ணா வாக்குக் கொடுத்திருந்தார். எந்த ஆடி என்று சொல்லாததுதான் அவருடைய சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன்.

வாரச் சந்தை நாளில் அவரைப் பார்க்க வேண்டும். நோட்டும் கையுமாகக் கடை கடையாக ஏறி இறங்குவார். புளி விற்க வந்த மலைக்காரர் ஒருவரிடம் கேட்டார். அவர் நிதானமாக யோசித்து, "காத்தடிச்சா புளியம்பழம் கொட்டும். கரண்டு அடிச்சா நாமதான் கொட்டுவோம்" என்றார். அண்ணா காற்றுப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். சாமை விற்கும் அம்மா, "காத்து இல்லாம எப்டி தூத்துவ?" என்றார். இன்னொரு கோடு. செல்போன் கடைக்காரர், "கரண்டு இல்லன்னா ஊரே செத்துப் போவும்ணா" என்றார். கரண்டுக்கு ஒன்று. மருத்துவமனை நர்ஸ் அம்மா மட்டும் அவரை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினார். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று அவர் அன்று முழுக்கக் குழம்பினார்.

"நட்டைப் பத்தித்தான் கேக்குறேன்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணா?"

"சொன்னா அவங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க சார். மனசுல இருக்கிறது வெளிய வராது."

இந்த வியாதி தொற்றும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது மாதம் மெஸ்ஸில் உட்கார்ந்து இட்லியா, தோசையா என்று பத்து நிமிடம் விழித்துக்கொண்டிருந்தேன். மெஸ்காரர் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நீங்க அந்த வூட்டுக்குப் பக்கத்துலயா குடிகீறீங்க?"

ஒரு சனிக்கிழமை அண்ணா என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பத்தூர் போனார். வாங்கியே தீருவது என்ற தீர்மானம். மிஷின் கடைக்காரர் நல்ல மனிதர். மேஜையில் பூட்டி வைத்திருந்த ஒரு நட்டைக் காற்றில் கழற்றிக் காட்டினார். டர்ர்ர் என்று ஒரு சத்தம், நட்டு கையில் வந்துவிட்டது. அண்ணா மூச்சுவிட மறந்தார். "இதான் சார், இதான்!" அடுத்து கரண்டில் கழற்றிக் காட்டினார். "அடடா, இதான் சார்!"

"எது அண்ணா?"

"ரெண்டாவது. மொதல்ல காட்டினது எதுங்க? அதை இன்னொருவாட்டி காட்டுங்க."

கடைக்காரர் அந்த ஒரே நட்டைப் பதினோரு முறை பூட்டினார், பதினோரு முறை கழற்றினார். கடைசியில் நட்டின் மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிட்டன. காற்று மிஷின் சூடாகாது, எத்தனை நேரம் ஓட்டினாலும் தாங்கும், ஆனால் கம்ப்ரஸரும் குழாயும் கொட்டகையில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், தொட்டியில் சேரும் தண்ணீரை அடிக்கடி திறந்துவிட வேண்டும் என்றார். கரண்டு மிஷினைச் செருகினால் வேலை முடிந்தது, ஆனால் கனம் அதிகம் என்றார். அண்ணா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். அலமாரியிலிருந்து மூன்றாவதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது பேட்டரிங்க. காத்தும் வோணாம், கரண்டும் வோணாம். சார்ஜ் போட்டுக்கினா போதும்."

அண்ணா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். பக்கத்துக்கு இரண்டு கட்டம்தான் போட்டிருந்தார். மூன்றாவதற்கு இடம் இல்லை. "இன்னா சார் இது, இப்டிப் பண்ணிட்டாரு?" என்றார் என்னிடம், அழாத குறையாக.

திரும்பி வரும்போது எங்கள் கையில் பத்து மீட்டர் ரப்பர் குழாய் மட்டும் இருந்தது. எது வாங்கினாலும் குழாய் தேவைப்படும் என்றார் அண்ணா.

"கரண்டு மிஷினுக்குக் குழாய் எதுக்கு அண்ணா?"

கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஐந்தாவது வளைவில் பதில் வந்தது. "செடிக்குத் தண்ணி பாச்சலாம்ல?"

அடுத்த ஆடி நெருங்கியது. அண்ணி ஒருநாள் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி சொன்னார்: "இந்த ஆடிக்கு வண்டி ஓடலன்னா நான் பஸ்ஸுல போய்டுவேன். சொல்லிட்டேன்!"

அண்ணா பயந்துவிட்டார். உடனே ஒரு பரீட்சை ஏற்பாடு செய்தார். பஸ் நிறுத்தத்துப் பஞ்சர் கடையிலிருந்து சக்கரம் வைத்த கம்ப்ரஸரையும் அதில் மாட்டும் காற்று மிஷினையும் தெருவழியே உருட்டிக்கொண்டு வந்தார். வெல்டிங் பட்டறையிலிருந்து கரண்டு மிஷினை இரவல் வாங்கினார். முன் சக்கரம் காற்றுக்கு, பின் சக்கரம் கரண்டுக்கு. எது முதல் நட்டைக் கழற்றுகிறதோ அதுவே வெற்றி. பாரபட்சம் வரக்கூடாது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டப்போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தெருவே கூடிவிட்டது. கரண்டு மிஷினை என் கையில் கொடுத்தார்.

"சார், மூணு சொன்னதும் அழுத்துங்க. ஒண்ணு… ரெண்டு… சார், எடம் மாத்திக்கலாமா? நீங்க காத்து, நான் கரண்டு?"

மாறினோம். மறுபடி மாறினோம். கடைசியில் மூன்று சொன்னார். கம்ப்ரஸர் கர்ர்ர் என்று ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். அவர் வீட்டு ஃப்யூஸ் போயிருந்தால் பரவாயில்லை. தெருவுக்கே போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு வெடிச் சத்தம். எதிர்வீட்டு அம்மா பாதி அரைத்த மாவோடு ஓடி வந்தார். "யோவ் காத்தா கரண்டா! இப்ப ரெண்டும் போச்சேய்யா!"

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அண்ணி சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தார். கம்ப்ரஸரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னாங்க, அந்தக் காத்து எங்கேர்ந்து வருது?"

"இந்த மிஷின்லேர்ந்து."

"இந்த மிஷினு எதுல ஓடுது?"

அண்ணா கம்ப்ரஸரின் வயரைப் பார்த்தார். "கரண்டுல."

"அப்போ ரெண்டுமே கரண்டுதானே?"

அண்ணா ஜீப்பின் மேல் கையை ஊன்றினார். ஒன்றரை வருடம், சந்தை, திருப்பத்தூர், நோட்டு முழுக்கக் கோடுகள். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றன. அதற்கப்புறம் மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை. கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் போய்விட்டது.

நாலாம் நாள் காலை நான் அலுவலகம் கிளம்பும்போது அண்ணா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"சார், சரசுவைக் காணோம் சார்."

வீட்டில் இல்லை. கோயிலில் இல்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "அக்கா ஏழு மணி திருப்பத்தூர் பஸ்ஸுல ஏறிச்சே. கண்டக்டர் கையப் புடிச்சு ஏத்தினாரு."

அண்ணா நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார். நான் அலுவலகத்துக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸும் வளைவில் ஹாரன் அடிக்கும்போது அவர் உடம்பு தூக்கிப் போட்டது. அப்புறம் பேசினார்.

"அந்த முட்டி எப்டிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? நான்தான் பண்ணேன்."

ஒருநாள் அண்ணி அவர் ஓட்டிய பஸ்ஸிலேயே இடதுபக்க முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வளைவில் ஒரு லாரி தடம் மாறி எதிரே வந்துவிட்டது. வலதுபக்கம் பள்ளம். இடதுபக்கம் பாறை. அண்ணா ஒரு நொடியில் இடதுபக்கம் ஒடித்துப் பாறையில் மோதி நிறுத்தினார். பஸ் நிறைய ஆட்கள். எல்லோரும் பிழைத்தார்கள். இடதுபக்க முன் சீட்டில் இருந்தவருக்கு முட்டி நொறுங்கியது.

"அதுக்கப்புறம் கொஞ்ச வருசம் ஓட்டினேன். ஸ்டியரிங்க வுட்டு எறங்குனா எந்த முடிவு எடுக்கவும் பயமா கீது சார். அந்தாண்ட போனா இன்னா ஆவும், இந்தாண்ட போனா யாருக்கு இன்னா ஆவும்னு…"

அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மூன்று மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் முதலில் இறங்கி, ஒரு கையை நீட்டினார். அண்ணி பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். மடியில் வைத்துக் கொண்டுவந்த அட்டைப் பெட்டி இன்னொரு கையில். வியர்த்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெற்றி.

"இன்னாடி இது?" அண்ணா பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"பேட்டரி மிஷினு."

"அதை எப்டி முடிவு பண்ண?"

"கடைக்காரரு உங்கள மாதிரியே ஆயிரம் சொன்னாரு. லேசா கீறதைக் குடுப்பா, மடியில வெச்சினு மலையேறணும்னு சொன்னேன். குடுத்தாரு." பெட்டியை அவர் கையில் வைத்தார். "உங்க தோளுக்கும் அதான் தாங்கும்."

"படி ஏறினியே, முட்டி?"

"வலிக்குது. வலிச்சா இன்னா? போனேன், வந்துட்டேன்." அண்ணி கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "அன்னிக்கு நீங்க நோட்டு எடுத்து எழுதினு இருந்திருந்தா நான் இன்னிக்கு நொண்டறதுக்கு இருந்திருப்பனா? ஒரு முட்டிதானே போச்சு. போவட்டும், வுடுங்க."

அண்ணா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

அன்று சாயங்காலம் இருபது நட்டும் கழன்றன. பதினெட்டு எளிதாக வந்தன. இரண்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்து, திரும்ப வைத்து அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் தெரு கைதட்டியது. எதிர்வீட்டு அம்மாவும் தட்டினார். நாலு நாளில் பிரேக் வேலையை அவரே பார்த்து முடித்தார். காலி ரோட்டில் ஐம்பது முறையாவது பிரேக் போட்டுப் பார்த்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் நெற்றி சாட்சி. கடைசியில் டயருக்குக் காற்றடிக்கப் பஞ்சர் கடைக்குப் போனபோது, "பாத்தீங்களா சார், காத்து இல்லாம ஆவாதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். முன் சீட்டிலிருந்த அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆடி வெள்ளி. அண்ணி பட்டுப்புடவையில் முன் சீட்டில். பூக்கூடையோடு நான் பின்னால். மலை இறங்கும்போதுதான் அந்த மனிதரை நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வளைவுக்கு வளைவு கை தானாகத் திரும்பியது. எதிரே வண்டி வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கண் அதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தது. ஒரு வளைவில், எந்த வளைவு என்று யாரும் சொல்லவில்லை, வண்டியின் வேகம் மிகவும் குறைந்தது. அண்ணி இடதுபக்கப் பாறையைப் பார்த்தார். "இங்கதானே?" என்றார். அண்ணா தலையாட்டினார். அண்ணி கூடையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்துப் பாறைப் பக்கம் எறிந்தார். "போங்க, நேரமாவுது" என்றார்.

அடுத்த தை மாதம் எனக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஜீப்பில் ஏற்றி அண்ணாவே போளூர் வரை கொண்டுவந்து விட்டார். பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் நின்றன. எதில் போனாலும் என் ஊருக்குப் போகலாம்.

"இதுல போனா சீக்கிரம் போவலாம் சார். ஆனா கூட்டம். அதுல போனா எடம் கெடைக்கும். ஆனா சுத்து. இருங்க, கண்டக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். இவரிடம் கேட்டார், அவரிடம் கேட்டார், பூ விற்கும் அம்மாவிடம் கேட்டார். முதல் பஸ் கிளம்பியது. இரண்டாவதும் கிளம்பியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"ரெண்டும் போய்ட்டுதே சார். இப்ப இன்னா பண்றது?"

அடுத்த பஸ் மெதுவாகவே வரட்டும் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன். "நீங்களே சொல்லுங்க அண்ணா" என்றேன்.